கைபிடியில கை வைக்காதேங்கோ

எரிவாயுச் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு எட்டாவது படியில் திரும்பியபோது, அந்தக் கம்பு தில்லைநாதனோடு கூடவே வந்துவிட்டது.

சிலிண்டரின் அடி இலேசாகத் தட்டியதுதான். பெரிய சத்தம்கூட இல்லை. ஆனால் மாடிப்படிக் கைபிடியின் கீழே வரிசையாக நின்ற பதினேழு கடைசல் கம்புகளில் ஒன்று நடுவால் முறிந்தது. ஒரு பாதி அவருடைய சட்டைக் கையில் கொளுவிக்கொண்டது. மற்றப் பாதி படிப்படியாக உருண்டு, கீழே விறாந்தையில் இருந்த அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் போய்ப் படுத்தது.

நல்லவேளை, அன்று செவ்வாய்க்கிழமை. வீட்டுக்காரி திருமதி ஸ்ரனிஸ்லாஸ் செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்விடுவார்.

"இஞ்சேருங்கோ, என்ன அது கையில?" என்று மேலே கதவடியில் நின்ற அருந்ததி கேட்டாள்.

"கம்பு."

"எந்தக் கம்பு?"

"படியின்ட கம்பு."

அருந்ததி ஒரு கணம் யோசித்தாள். "சிலிண்டரை முதலில இறக்குங்கோ. பிறகு அழலாம்."

தில்லைநாதன் அழவில்லை. ஆனால் அழுவதற்குரிய காரணம் அவரிடம் இருந்தது. குடிவந்த முதல் நாளே திருமதி ஸ்ரனிஸ்லாஸ் மூன்று கட்டளைகள் போட்டிருந்தார்.

"மிஸ்டர் தில்லைநாதன், தண்ணி அளவாப் பாவியுங்கோ. எட்டரைக்கு கேற் பூட்டுவன். மற்றது, கைபிடியில கை வைக்காதேங்கோ. அது என்ட மிஸ்டர் ஆசைப்பட்டுச் செய்விச்சது."

முதல் இரண்டையும் அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னவர், மூன்றாவதை மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார். காலஞ்சென்ற கணவரின் நினைவு என்று தில்லைநாதன் விளங்கிக்கொண்டார். அன்று முதல் அவரும் அருந்ததியும் கயிற்றில் நடப்பவர்களைப் போல நடுப்படியில் கால் வைத்து ஏறி இறங்கினார்கள்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு, புரட்டாதி மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாக இரண்டு பைகளோடும் ஒரு தையல் மெசினோடும் கொழும்புக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். வெள்ளவத்தையில் நான்கு மாதம் வீடு தேடினார்கள். "எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டதும், வீடு நேற்றுத்தான் கொடுபட்டுவிட்டது என்பார்கள். சிலர் இரண்டு வருட வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். கடைசியில் கொட்டாஞ்சேனையில் திருமதி ஸ்ரனிஸ்லாஸ்தான் ஒரே ஒரு மாத வாடகையை வாங்கிக்கொண்டு மேல்மாடியைத் திறந்துவிட்டார். ஏன் இவ்வளவு இரக்கம் என்று தில்லைநாதன் கேட்கவில்லை. இரக்கத்துக்குக் காரணம் கேட்பது பாவம் என்று நினைப்பவர் அவர்.

இப்போது அந்த இரக்கத்தின் ஒரு துண்டு அவருடைய கையில் இருந்தது. முறிந்த இடம் பிசுபிசுவென்று மினுங்கியது. பழைய வார்னிஷ் என்று நினைத்துக்கொண்டார்.

"சொல்லிப்போடுங்கோ. மனுசி கடிச்சுத் தின்னாது" என்றாள் அருந்ததி.

"முப்பதாம் திகதியோட நாங்கள் இஞ்ச தங்கிற பொலிஸ் பதிவு முடியுது. புது விண்ணப்பப் போமில வீட்டுக்காரியின்ட கையெழுத்து வேணும்."

"அப்ப கையெழுத்தை வாங்கிப்போட்டுச் சொல்லுங்கோ."

"முறிச்ச கையால போமை நீட்டுறதோ? பிள்ளையார் பாத்துக்கொண்டிருக்கிறார். முதலில திருத்துவம். பிறகு சொல்லுவம். அதுக்குப் பிறகு போமைக் குடுப்பம்."

அந்த ஒழுங்கில் பிழை சொல்ல முடியாது. நல்ல மனிதர்கள் பெரும்பாலும் இப்படி ஒரு நல்ல ஒழுங்கைப் போட்டுக்கொண்டுதான் வம்பில் மாட்டுகிறார்கள்.

அன்றைக்கு அவர் இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டி, மேலே சப்பாத்துக்குப் பூசும் பிறவுண் பொலிஷைத் தேய்த்து, கம்பை இருந்த இடத்தில் நிறுத்திவிட்டார். கொச்சிக்கடையிலிருந்து வந்த திருமதி ஸ்ரனிஸ்லாஸ் படியடியில் நின்று மேலே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மிஸ்டர் தில்லைநாதன், சப்பாத்து பொலிஷ் மணக்குது."

"ஓம் அக்கா. சப்பாத்து மினுக்கினனான்."

"வேற இடம் ஒண்டும் பாக்கேல்லையே?"

வேறு வீடு என்று தில்லைநாதன் விளங்கிக்கொண்டார். பார்க்கச் சொல்லுகிறா. வாயால் சொல்லாமல் குறிப்பாகச் சொல்லுகிறா.

"இல்லை அக்கா," என்று மெதுவாகச் சொன்னார்.

"ம்ம்," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அடுத்த நாள் தில்லைநாதன் ஆமர் வீதிப் பக்கம் ஒரு கடைசல் பட்டறையைத் தேடிப் பிடித்தார். ஒரு கம்பு கடைந்து தரமுடியுமா என்று கேட்டார். ஒன்றுக்காக மெசினைத் திருப்ப முடியாது, ஒரு டசின் என்றால் பேசலாம் என்றார்கள். டசினின் விலை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தின் பாதி. புறக்கோட்டையில் கொப்பி பென்சில் இறக்குமதி செய்யும் கடையில் அவர் கணக்கெழுதுபவர். ஆனாலும் உடனே திரும்பி வரவில்லை. வாசலில் அரை மணித்தியாலம் நின்று பார்த்தார். மரம் சுற்றுகிறது. உளி சும்மா தொடுகிறது. வெண்ணெய் மாதிரி மரம் வழிந்து போகிறது.

"இதில என்ன கிடக்கு?" என்று அன்று மாலை அருந்ததியிடம் சொன்னார். "மரம் சுத்தவேணும். உளி தொடவேணும். அவ்வளவுதான்."

"சுத்துறது ஆர்?"

தில்லைநாதன் தையல் மெசினைப் பார்த்தார். அருந்ததி அவர் பார்ப்பதைப் பார்த்தாள்.

"வேண்டாம்," என்றாள்.

"தலையைக் கழட்டி வைப்பம். காலும் சில்லும் போதும். காலமை நீர் தையும், பின்னேரம் நான் கடையிறன்."

"என்ர பிளவுஸ் எல்லாத்திலயும் மரத்தூள் பிடிக்கப் போகுது."

பிடித்தது. அது பிறகு.

பஞ்சிகாவத்தையில் பழைய இரும்பு விற்கும் மஜீட் நானாவின் கடையில் அவர் ஒரு சைக்கிள் சில்லின் நடுக்குடம், இரண்டு பெரிய போல்ட், தேய்ந்த அரம் மூன்று ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்தார்.

"என்ன மாஸ்டர், பாதிச் சைக்கிள் மட்டுந்தான் ஓடப் போறீங்களா?" என்று மஜீட் கேட்டார்.

"மரம் கடையிற லேத் செய்யப் போறன், நானா."

மஜீட் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். காதில் பேனா, கையில் குடை. "லேத் வாங்குற சாமான் மாஸ்டர். செய்யிற சாமான் இல்ல."

"வாங்கக் காசில்லை."

"அது சரி. காசில்லாட்டி செய்யத்தான் ஓணும்." மஜீட் அரங்களை மட்டும் எடைபோடாமல் பையில் போட்டார். "இது கணக்கில இல்ல. வெரல் பத்திரம். மறுபடி வரக்கொள்ள பத்தும் ஈக்கணும்."

தெருவில் கத்தி தீட்டுகிறவன் அந்த அரங்களைச் சாணையில் பிடித்து நுனியைக் கூராக்கிக் கொடுத்தான். ஒன்று தட்டை உளி, ஒன்று வளைந்த உளி, மற்றது என்னவென்று தீட்டியவனுக்கும் தெரியவில்லை. மெசினுக்குப் படுக்கை செய்ய இரண்டு பலகைகளைத் தூக்கிக்கொண்டு தில்லைநாதன் வீட்டுக்குள் நுழைந்தபோது, திருமதி ஸ்ரனிஸ்லாஸ் விறாந்தையில் இருந்தார்.

"பலகை கொண்டு போறீங்கள்."

"ஓம் அக்கா."

"பெட்டி அடிக்கிறீங்களோ?"

பொய் சொல்லவேண்டும் என்று தில்லைநாதன் நினைக்கவில்லை. பொய்யை வீட்டுக்காரிதான் கையில் வைத்துக்கொண்டு நீட்டினார். தில்லைநாதன் வாங்கிக்கொண்டார்.

"ஓம். சாமான் போட ஒரு பெட்டி."

திருமதி ஸ்ரனிஸ்லாஸின் முகம் இறுகியது. "நல்லது," என்று சொல்லிச் செபமாலையை எடுத்தார். அதன் பிறகு மேலே அறுக்கிற சத்தமும் ஆணி அடிக்கிற சத்தமும் கேட்ட மூன்று மாலைகளும் அவர் மேலே வரவும் இல்லை, சத்தம் போடாதேங்கோ என்று சொல்லவும் இல்லை. கோபம் முற்றிப்போனால் மனிதர்கள் இப்படித்தான் பேசாமல் இருப்பார்கள் என்று தில்லைநாதன் நினைத்தார்.

மரம் இலவசமாகக் கிடைத்தது. மின்சாரக் கம்பியில் முட்டுகிறது என்று தெருவோரம் ஒழுங்கை முனையில் ஒரு பலாக் கிளையை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதில் நான்கு துண்டை அவர் தூக்கி வந்தார். வெட்டிய இடத்தில் பால் இன்னும் காயவில்லை.

முதற் கடைசலுக்கு நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, ஒற்றைக் காலில் கொக்குப்போல் நின்று மற்றக் காலால் மிதித்தார். துண்டு சுற்றியது. உளியை வைத்தார். மரம் வழிந்தது. உண்மையாகவே வழிந்தது. ஈரமான நீண்ட சுருள்கள் அவருடைய தலையிலும் அருந்ததி ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குத் தைத்துக்கொண்டிருந்த பிளவுஸ்களிலும் விழுந்தன. அவருடைய முகத்தில் ஒரு குழந்தையின் சிரிப்பு வந்தது.

"பாத்தீரே?" என்று திரும்பினார்.

திரும்பியதில் கால் தாளம் தப்பியது. சில்லு எதிர்ப்பக்கம் சுற்றியது. உளி மரத்துக்குள் கொளுவியது. துண்டு இரண்டு போல்ட்டுகளுக்கும் நடுவிலிருந்து துள்ளி எழுந்து, சன்னலால் வெளியே போய், கீழே பின்வளவில் விழுந்தது.

கீழே தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் மயிலம்மா. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, பதினொரு வருடமாக திருமதி ஸ்ரனிஸ்லாஸோடு இருப்பவள். வானத்திலிருந்து விழுந்த கட்டையை அவள் நிதானமாக எடுத்துப் பார்த்தாள். துடைத்தாள். மேலே கொண்டு வந்தாள்.

"அய்யா, இது ஒங்களோடதுங்களா?"

"ஓம்."

"என்னங்க இது?"

தில்லைநாதன் அருந்ததியைப் பார்த்தார். அருந்ததி கூரையைப் பார்த்தாள்.

"ரொட்டிக் கட்டை," என்றார்.

"ரொட்டி தட்டுறதுக்கா? நல்லா உருண்டையா இருக்குங்க. அம்மாவுக்கும் ஒண்ணு குடுங்களேன். போத்தல வச்சுத்தான் உருட்டுறோம்."

ஆக, கம்பு கடைய வந்தவர் முதலில் ரொட்டிக் கட்டை கடையவேண்டியதாயிற்று. இரண்டு மாலை எடுத்தது. அதை அவரே கீழே கொண்டுபோய்க் கொடுத்தார். திருமதி ஸ்ரனிஸ்லாஸ் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது என்ன, ஞாபகத்துக்கோ?" என்று கேட்டார். குரல் ஒருமாதிரி இருந்தது.

"அப்பிடியும் வைச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

ஒரு கிழமையில் பச்சை மரம் காய்ந்து அந்த ரொட்டிக் கட்டை வாழைப்பழம் போல் வளைந்துவிட்டது. உருட்டிய ரொட்டிகள் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் தாளாகவும் வந்தன. வீட்டுக்காரி அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் தில்லைநாதனை இன்னும் பயமுறுத்தியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேறொரு சங்கடம். முறிந்த கம்பில் நூலும் பொலிஷும் அப்பிக்கிடந்ததால் அளவெடுக்க முடியவில்லை. மாதிரிக்கு ஒரு முழுக் கம்பு வேண்டும். வீட்டுக்காரி கோயிலுக்குப் போனதும் பக்கத்துக் கம்பை மெல்ல அசைத்துப் பார்த்தார். அது பால்பல் மாதிரிக் கழன்று வந்தது. அடிக்குமிழ் மட்டும் படியிலேயே நின்றுவிட்டது.

"இப்ப ரெண்டு," என்றாள் அருந்ததி.

"ரெண்டு," என்று ஒப்புக்கொண்டார்.

"உங்கட கையில ஏதும் தோசம் இருக்கோ?"

இரண்டாவது இடைவெளியை மறைக்க அவர் தம் குடையைச் சுருக்கிக் கைபிடியில் தொங்கவிட்டார். கம்புக்கும் குடைக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வெயில் கொளுத்திய அந்த நாளில் படியில் ஏன் குடை என்று திருமதி ஸ்ரனிஸ்லாஸ் கேட்கவில்லை. அவர் இப்போதெல்லாம் படிப்பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை.

"என்ர முகத்தில முழிக்கவே அவவுக்கு விருப்பமில்லை," என்றார் தில்லைநாதன்.

"முகத்திலயோ, குடையிலயோ?"

அந்தக் கிழமை கீழிருந்து மயிலம்மா தட்டு தட்டாகக் கொண்டுவந்தாள். ஒருநாள் பாலப்பம். ஒருநாள் மீன் போடாத சொதி, சைவக்காரர் என்று தனியாகக் காய்ச்சியது. தண்ணீர் மோட்டரை இனி நாளுக்கு மூன்று தரம் போடுவதாகவும் செய்தி வந்தது. தில்லைநாதன் அப்பத்தைப் பிய்த்தபடி பெருமூச்சு விட்டார்.

"அனுப்பிறதுக்கு முதல் வயிறார சாப்பாடு குடுக்கிறா. நல்ல மனுசி."

"நேற்று என்னட்டையும் கதைச்சவ," என்றாள் அருந்ததி. "ரெண்டு பேர் வந்து மேல்வீட்டைக் கேட்டவையாம். ஆள் இருக்கு எண்டு சொல்லி அனுப்பினவவாம். பிறகு, போம் குடுக்கிற நாள் கிட்டுதெல்லோ எண்டு கேட்டவ."

"கேட்டவவோ?"

"ரெண்டு தரம்."

தில்லைநாதன் அப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டார். பயம் பிடித்த காதுக்கு எந்தச் சொல்லும் ஒரே மாதிரித்தான் கேட்கும்.

மாதிரிக் கம்பைப் பார்த்து அவர் கடைந்த முதற் கம்பு, கடைந்த அன்று அச்சாக இருந்தது. மூன்றாம் நாள் நடுவில் வெடித்தது. என்ன பிழை என்று மஜீட் நானாவிடம் கேட்போம் என்று இரண்டு கம்புகளையும் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். போகும் வழியில் சோதனைச்சாவடியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்தார்.

நீளமாக, உருண்டையாக, தாளில் சுற்றிய இரண்டு பொருட்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். தில்லைநாதன் அந்த இடத்திலேயே தமது வாழ்க்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"மேக மொகக்த?" இது என்ன என்று கேட்கிறார்.

தில்லைநாதனின் சிங்களம் கொப்பி, பென்சில், றோல் தாள் வரைக்கும்தான் போகும். கடைசலுக்குச் சொல் இல்லை. எனவே தாளை அவிழ்த்துக் காட்டி, நடுத்தெருவில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலால் காற்றை மிதித்து, கையில் இல்லாத உளியைப் பிடித்துக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. அவருடைய முகம் மாறிவிட்டது. துவக்கைத் தோளில் தள்ளிவிட்டு, வெடித்த கம்பை வாங்கி நகத்தால் கீறினார். மூக்கில் வைத்து மணந்தார்.

"அமு லீ, மாத்தயா," என்றார். பிறகு தெரிந்த தமிழில், "பச்சை மரம். பச்சை வேலை செய்ய ஏலாது. என்ட தாத்தா மொரட்டுவையில இந்த வேலைதான். பழைய கட்டில் கால் எடுங்க. நல்லாக் காஞ்சது. மிச்சம் நல்லம்."

தாத்தா என்றது தகப்பனை. தில்லைநாதன் தலையாட்டினார். உளியை இப்படிப் பிடிக்கக்கூடாது, இப்படி, என்று பொலிஸ்காரர் அவருடைய மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். பிறகு மாதிரிக் கம்பை எடுத்தார். தேங்காயைப் பார்ப்பது மாதிரிக் காதருகே வைத்துக் குலுக்கினார். புருவத்தைச் சுருக்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தபோது பின்னால் ஒரு வான் ஹோர்ன் அடித்தது. "யன்ன, யன்ன," என்று கையைக் காட்டிப் போகவிட்டார்.

மஜீட்டின் கடையில் மூலையில் கிடந்த முதிரை மரக் கட்டிலின் இரண்டு கால்கள் கிடைத்தன. "பொணம் தூக்குற மையத்துக் கட்டில் இல்ல மாஸ்டர், பயப்படாதீங்க. மாப்பிள்ளைக் கட்டில்தான்," என்று மஜீட் உறுதி சொன்னார். விரல்களை எண்ணிப் பார்த்தார். பத்தும் இருந்ததால் காசு வாங்க மறுத்துவிட்டார்.

முதிரை இரும்பு மாதிரி. வெண்ணெய் மாதிரி வழியவில்லை. தூளாகத்தான் உதிர்ந்தது. ஒரு கம்புக்கு நான்கு மாலை. இடக்கால் வீங்கியது. ஆனால் பொலிஸ்காரர் திருப்பிவிட்ட மணிக்கட்டு மறக்கவில்லை. கடைசிக் கடைசலில் உளி பாடியது. அந்தச் சின்ன நாதத்தைக் கேட்டபோது, ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்த ஒரு முடிச்சு கொஞ்சம் இளகியது போல் தில்லைநாதனுக்கு இருந்தது. அருந்ததியும் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இடுப்பு கொஞ்சம் பெருத்துப்போச்சு," என்றாள் பிறகு. "ஆனா வடிவு."

முப்பதாம் திகதி செவ்வாய்க்கிழமையாக வந்து வாய்த்தது. தில்லைநாதன் லீவு போட்டார். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினார். போமை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். திட்டம் தெளிவானது. அவ கோயிலுக்குப் போனதும் இரண்டு கம்புகளையும் பூட்டுவது. அவ வந்ததும் எல்லாவற்றையும் சொல்வது. மன்னித்தால் போமை நீட்டுவது. மன்னிக்காவிட்டால், அருந்ததி ஏற்கெனவே இரண்டு பைகளையும் தூசி தட்டி வைத்திருந்தாள்.

திருமதி ஸ்ரனிஸ்லாஸ் மெழுகுதிரிப் பையோடு படலையைத் தாண்டியதும் வேலை தொடங்கியது. குடையை எடுத்தார். நூல் கட்டிய கம்பை எடுத்தார். புதுக் கம்பு உள்ளே போகவில்லை. பெருத்த இடுப்பல்ல காரணம், அரை விரல் உயரம் கூடிவிட்டது.

"கைபிடியைக் கொஞ்சம் மேல தூக்கினால் உள்ள போகும்," என்றார்.

"தூக்கவேண்டாம்."

"அரை விரல்தான்."

அருந்ததி ஒரு முனையைப் பிடித்தாள். அவர் தோளைக் கொடுத்து உன்னினார். கைபிடி அரை விரல் எழும்பியது. முதற் புதுக் கம்பு சிக்கென்று இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. தில்லைநாதன் "அப்பனே பிள்ளையாரே" என்று மூச்சை விட்டார்.

அந்த மூச்சுக்குத்தான் காத்திருந்தது போல, மேல் முனையில் நின்ற கம்பு சாய்ந்தது. அது பக்கத்துக் கம்பில் சாய்ந்தது. அது அடுத்ததில். பதினைந்தும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து, ஒன்றையொன்று முந்திக்கொண்டு, படிகளில் தடதடவென்று உருண்டு இறங்கின. கடைசிக் கம்பு விறாந்தைக்கு வந்து ஒரு சோடி வெள்ளைச் செருப்பில் முட்டி நின்றது.

செருப்புக்குள் திருமதி ஸ்ரனிஸ்லாஸ் நின்றார். கோயில் வீதியில் ஏதோ சோதனை என்று எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பையில் மெழுகுதிரி கொளுத்தாமலே இருந்தது. அவருக்குப் பின்னால் மயிலம்மா.

தில்லைநாதன் படியிறங்கி வந்தார். போட்டு வைத்திருந்த ஒழுங்கெல்லாம் தலைகீழாகப் போயிருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அக்கா, நான்தான். மூண்டு கிழமைக்கு முதல் சிலிண்டர் தட்டி ஒண்டை முறிச்சுப்போட்டன். உங்கட மிஸ்டர் ஆசையாச் செய்விச்சது. சொல்லப் பயம். அதுதான் மேல லேத் செய்து கடைஞ்சனான். பெட்டி எண்டது பொய். ரொட்டிக் கட்டையும் பொய். இப்ப எல்லாத்தையும் விழுத்திப்போட்டன். பதினைஞ்சையும் நான் கடைஞ்சு தாறன். நாலு மாசம் எடுக்கும். நீங்கள் எங்களைப் போகச் சொன்னாலும், வெளியில இருந்து கடைஞ்சு கொண்டுவந்து தருவன்."

திருமதி ஸ்ரனிஸ்லாஸ் கடைசிப் படியில் மெல்ல உட்கார்ந்தார். உதிர்ந்த கம்புகளைப் பார்த்தார். மேலே தனியாக நின்ற இரண்டு புதுக் கம்புகளைப் பார்த்தார். கை நெற்றிக்கும் நெஞ்சுக்குமாகச் சிலுவை போட்டது.

"அப்ப, அந்தப் பலகை பெட்டி அடிக்க இல்லையோ?"

"இல்லை அக்கா."

"வேற வீடு பாக்கேல்லையோ?"

"ஆர் எங்களுக்கு வீடு தரப்போயினம்?"

"அப்ப ஏன் இத்தனை நாளும் போமைக் கொண்டுவரேல்லை?"

"முறிச்ச கையால எப்பிடி அக்கா நீட்டுறது?"

அவர் கண்ணைத் துடைத்தார். "கொண்டாங்கோ தம்பி, இப்ப கொண்டாங்கோ," என்றார். மிஸ்டர் தில்லைநாதன் தம்பியானதை அருந்ததி மேலே நின்று கவனித்தாள். தில்லைநாதன் சட்டைப் பையிலிருந்து போமை எடுத்து நீட்டினார். திருமதி ஸ்ரனிஸ்லாஸ் வாங்கினார். முழங்காலில் வைத்து, கண்ணாடி போடாமலே கையெழுத்து வைத்தார். "ஒரு வருசம் எண்டு எழுதட்டோ? ரெண்டு எண்டு எழுத விடுவாங்களோ?"

தில்லைநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உங்களுக்குக் கோவமில்லையோ அக்கா? கம்பு முழுக்க..."

திருமதி ஸ்ரனிஸ்லாஸ் சுவரைப் பார்த்தார். குடிவந்த முதல் நாள் பார்த்த அதே சுவர். பிறகு மயிலம்மாவைப் பார்த்தார். மயிலம்மா குனிந்து கம்புகளை ஒவ்வொன்றாக முந்தானையில் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"இதெல்லாம் உளுத்து உள்ள ஒண்ணுமில்லாமப் போயி ஏழு வருசமாச்சுங்க அய்யா, நீங்க வீடு பாக்க வர்றதுக்கு மொத நா அம்மாவும் நானுந்தான் கோந்து தடவி நிக்க வச்சோம், அது தெரிஞ்சா முன்னாடி இருந்தவங்க மாதிரி நீங்களும் போயிருவீங்களோன்னுதான் அம்மா செவ்வாக்கெழம தவறாம அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துது."